கேப்புக்கு இடம் கொடுத்த தோட்டா

ஒரு மேசைமேல் சுட்டு முடித்த தோட்டா ஒன்று நின்றது. வெறும் பித்தளைக் கூடுதான், ஆனால் அப்படி ஒரு பளபளப்பு. அதில் மயங்கிப்போய், காலித் தோட்டாக்களில் மறுபடி மருந்து நிரப்புகிற மேசைக்காரர் அடிப்பக்கத்துக் குழியைச் சுத்தம் பண்ணாமலே விட்டுவிட்டார்.

தோட்டா மறுபடி வெடிக்க வேண்டுமென்றால் அந்தக் குழியில் புதுக் கேப்பு, அதாவது தட்டினால் நெருப்புப் பொறி கக்கும் சின்ன மூடி, உட்கார வேண்டும். கேப்பும் வந்தது. பாதிதான் இறங்கியது.

"அண்ணே, உள்ளே ஒரே கரி. முன்னே குடியிருந்தவன் அப்படியே போட்டுட்டுப் போயிருக்கான். நெருப்பு போற ஓட்டைகூட அடைச்சிருக்கு."

"என் வீட்டில கரியா? என் மினுமினுப்பைப் பாருடா! நீதான் பெருத்துட்ட."

"நானா? இப்பதானே டப்பாவிலிருந்து இறங்கினேன்!"

பக்கத்திலிருந்த குத்தூசி சிரித்தது. "கொஞ்சம் திரும்பிக் காட்டேன், சுரண்டி எடுத்துடறேன்."

"போக்கா! நாலு பேர் முன்னாடி அடிப்பக்கத்தைக் காட்டுவாங்களா?"

மேசைக்காரர் கேப்பை எடுத்து ஓரமாக வைத்தார். இனி உதவாது என்று தோட்டாவைத் தூக்கி, உருக்கப்போகிற சாமான் டப்பா பக்கம் கொண்டுபோனார். உள்ளே நசுங்கிக் கிடந்த கூடுகளைப் பார்த்ததும் தோட்டா விரலிலிருந்து வழுக்கி விழுந்து, உருண்டுபோய், ஊசியிடம் தலைகீழாக நின்றது.

"அக்கா, சீக்கிரம்!"

ஊசி குத்தியது, சுரண்டியது. தோட்டா கூச்சம் தாங்காமல் கெக்கெக்கென்று சிரித்தது. ஒரு சிட்டிகை கரி கொட்டியது. ஓட்டை வழியாக உள்ளே வெளிச்சம் விழுந்தது.

மேசைக்காரர் கேப்பை மறுபடி வைத்துப் பார்த்தார். நச்சென்று உட்கார்ந்தது.

தோட்டா தொண்டையைச் செருமிக்கொண்டது.

"பரவாயில்லையே தம்பி, அதுக்குள்ள எப்படிடா இப்படி இளைச்ச?"