ஒட்டாத ரோஜா நிறம்

தாராவி மாடியறையின் ஜன்னல் வெயிலில் மாரீஸ்வரி தன் முதல் சோப்பை அச்சிலிருந்து எடுக்கிறாள். நாளை நாத்தனார் பானுமதிக்கு வளைகாப்பு. வருகிறவர்களுக்கெல்லாம் தன் கையால் செய்த சோப்பு தருவதாகச் சொல்லியிருக்கிறாள். கீழே பால் வெள்ளை, மேலே கண்ணாடி போன்ற ரோஜா நிறம். உருக்கிய ரோஜா நிறச் சோப்பைத் தயிருக்கு உறை ஊற்றும் சூட்டுக்கு ஆறவிட்டுத்தான் வெள்ளையின் மேல் ஊற்றினாள். அந்தச் சூடு போதவில்லை. விரல் பட்டதும் ரோஜா வழுக்கித் தனியே வருகிறது. பக்கத்து அறையில் தையல் மெஷின் ஓடுகிறது. "ரெண்டும் பேசிக்கிடாது போல, மதினி," என்று பக்கத்தில் உட்கார்ந்தபடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள் பானுமதி. மாரீஸ்வரி சிரிக்கவில்லை. எல்லாவற்றையும் நறுக்கி ஒரே பாத்திரத்தில் போட்டுக் கொதிநீரின் மேல் வைக்கிறாள். வெள்ளையும் ரோஜாவுமான கோடுகள் கரைகின்றன, பாத்திரம் முழுக்க வெளிர் ரோஜா. "இப்பம் பிரி, பாப்போம்," என்கிறாள்.