வாத்தியார் வாயால் ஒரு பேர்

"இதுவும் வேண்டாமெண்டால் நான் எங்க போவன், பிள்ளை? தமிழில பேரே முடிஞ்சுபோகும்."

கனகலிங்கம் மாஸ்டர் சாக்குக்கட்டியை மேசையில் வைத்தார். யாழ்ப்பாணத்திலிருந்து இந்தத் தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஹட்டன் குளிர் இன்னும் பழகாமல் கழுத்தில் மப்ளரோடு திரிகிற மனுசன். எதிரே கைக்குழந்தையோடு பேச்சியம்மா நின்றாள். தலைப்பிள்ளை. வருகிற ஞாயிறு பேர் வைக்கிறார்கள்.

"கோவிச்சுக்காதீங்க மாஸ்டர். எங்க வீட்டு ஆம்பளைங்க பேரெல்லாம் 'ன்'னுலதான் முடியும். மாமியாளும் அப்படித்தான் வேணுங்கிறாங்க. நீங்க வைக்கிற பேருன்னா யாரும் மறுபேச்சு பேச மாட்டாங்க."

"அப்ப செழியன். பாண்டிய ராசாக்களின்ர பேர். செழிப்பானவன் எண்டு கருத்து."

"ரொம்பப் பெரிய எடத்துப் பேருங்க. காலையில வேலைக்குப் பெரட்டுல பேர் கூப்பிடுறப்ப கங்காணி வாயில நொழையாது."

"வேலன்? வேல் பிடிச்ச முருகன்."

"கங்காணி வீட்டுக் கெடாய்க்கு அந்தப் பேருங்க."

"சேந்தன். அதுவும் முருகன்தான். சிவந்தவன். உம்மட பிள்ளையும் நல்ல சிவப்பு."

"கண்ணு பட்டுருங்க."

"அழகன்."

"பக்கத்துக் காம்பரா வீட்டுல ஒரு அழகன் இருக்காருங்க. அவரப் பாத்த பெறகு அந்தப் பேர வைக்க மனசு வரல."

மாஸ்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "புருசன் என்ன சொல்லுறார்? ஆளையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கலாமே."

பேச்சியம்மாவின் முகம் சுண்டியது.

"அவுங்களுக்கு எங்கங்க நேரம்? வேல முடிஞ்சா கொழுந்து நிறுக்குற மடுவத்துல சீட்டுக் கச்சேரி. நான் லயத்து வீட்டு வாசல்ல நின்னு 'ஏங்க'ன்னு கத்துனா அங்கன இருக்குற அத்தன ஆம்பளையும் திரும்புறாங்க. அவுங்க மட்டும் திரும்ப மாட்டாங்க."

"சரி, உமக்கு எப்பிடிப் பேர் வேணும்? அதைச் சொல்லும்."

"வாய் நெறையக் கூப்பிடுற மாதிரிங்க. இங்கேருந்து ஒரு சத்தம் போட்டா, எங்க இருந்தாலும் விழுந்தடிச்சு ஓடி வரணும். மனசுல ஒரு பேரு இருக்குதுங்க. ஆனா..."

சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு மெல்ல ஆள்காட்டி விரலால் தன் மூக்கைத் தொட்டுக் காட்டினாள்.

"மூக்கோ? மூக்கு... மூக்கனோ?"

"அதேதாங்க."

மாஸ்டர் திடுக்கிட்டார். "அது பிள்ளையள் தங்காத வீட்டில வைக்கிற பேரெல்லோ? மூக்கைக் குத்திவிட்டால், பழுதான பிள்ளையெண்டு எமன் எடுக்காமல் போவானாம். உமக்கு இது தலைப்பிள்ளை. அதுக்கேன் இந்தப் பேர்?"

"கண்ணு படாம இருக்கட்டுங்க. நீங்களே வந்து உங்க வாயால புள்ள காதுல சொல்லிருங்க."

மாஸ்டரின் மனம் இளகிவிட்டது. அந்தப் பேரைச் சொல்லக்கூட இவள் வாய் கூசுகிறது, ஆனாலும் பிள்ளை நன்றாக இருக்க வேண்டுமென்று கேட்கிறாள், பாவம் என்று நினைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை லயமே பேச்சியம்மா வாசலில் கூடிவிட்டது. கூப்பன் அரிசியில் பாயாசம் கொதித்தது. வெற்றிலை வாங்கப் போன தகப்பனைத்தான் காணோம். நல்ல நேரம் போகிறது, ஆகட்டும் என்று பெரியவர்கள் அவசரப்படுத்த, மாஸ்டர் குழந்தையின் காதில் மூன்று தரம் சொன்னார்.

"மூக்கன். மூக்கன். மூக்கன்."

பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். மாமியார் நெஞ்சில் கை வைத்தாள். அவ்வளவு அழகான பிள்ளைக்கு இப்படியொரு பேரா என்றுதான் இந்தத் திகைப்பு, என்று மாஸ்டருக்குச் சங்கடமாகிவிட்டது. ஆனால் வாத்தியார் வைத்த பேர். யாரும் மறுத்துப் பேசவில்லை.

பேச்சியம்மா குழந்தையை வாங்கித் தோளில் சாய்த்துக்கொண்டு வாசலின் ஓரத்துக்குப் போனாள். முந்தானையை இழுத்துச் செருகினாள். கீழே மடுவத்தைப் பார்த்து அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் போட்டாள்.

"டேய் மூக்கா! வெத்தல வாங்கப் போன எடத்துல என்னடா சீட்டு? எந்திரிச்சு வீட்டுக்கு வாடா!"

குழந்தை தோளில் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தது. பிறந்து ஒரு மாதமாகாத பிள்ளை எப்படிச் சீட்டாடும் என்று மாஸ்டர் விழித்தார்.

மடுவத்திலிருந்து ஒரு பெரிய மீசைக்காரர், கையிலிருந்த சீட்டைப் போட்டுவிட்டு, வேட்டியை மடித்துப் பிடித்துக்கொண்டு படிகளில் விழுந்தடித்து ஓடி வந்தார்.

"புள்ள... நீ... என் பேரச் சொல்லியா கூப்பிட்ட?"

"ஐயையோ, கட்டுன புருசன் பேர நான் வாயால சொல்லுவேனுங்களா?" பேச்சியம்மா குழந்தையின் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். "மாஸ்டர் வச்ச பேருங்க. நான் புள்ளையத்தான் வைஞ்சேன்."