மேலே சிவப்பு, கீழே வெள்ளை

பெண் பார்க்க வந்த சுஜினிடம் பூகோள வாத்தியார் கிருபைராஜ் ஓர் அட்டையை நீட்டினார். மேலே சிவப்பு, கீழே வெள்ளை.

"எந்த நாட்டுக் கொடி, தம்பி?"

அவர் மனைவி சாலோமிக்குத் திக்கென்றது. மகள் ஜெமிமாவைக் கேட்டு வந்த இரண்டு பேரை இதே கேள்வியால் திருப்பி அனுப்பியிருந்தார்.

"இந்தோனேசியா, சார்."

"சரியான விடை! பொண்ணு உங்களுக்குத்தான்."

சுஜின் போனதும் சாலோமி பிடித்துக்கொண்டாள். "போன மாசம் வந்த கங்கைகொண்டான் ஊர்ப் பையனும் இதத்தாம்லா சொன்னான்? தப்பு, மொனாக்கோன்னு சொல்லி அனுப்பிட்டியளே!"

"ஏட்டி, ரெண்டு நாட்டுக்கும் ஒரே கொடிதான். நீள அகலந்தான் வேற."

"பொறவு?"

"உம் மவ கதவுக்குப் பின்னால நின்னு அவனுக்கு உதட்டப் பிதுக்குனா. இவனுக்குச் சிரிச்சா."