லென்ஸில் கட்டிய முக்காடு

அந்த மலிவு வீடியோ கேமராவில் எதை எடுத்தாலும் கல்யாண வீடியோ மாதிரியே இருக்கிறது என்று குறும்படம் எடுக்கும் ஜெசிந்தாவுக்கு மனக்குறை. லென்ஸின் மேல் மெல்லிய வலைத்துணி கட்டினால் வெளிச்சம் இளகி, சினிமா போலத் தெரியும் என்றார்கள். பீரோவில் ஒன்றுதான் கிடந்தது. கணவன் சூசையின் முதல் மனைவி, இறந்துபோன ரோஸ்லின், கல்யாணத்தன்று போட்டிருந்த வெள்ளை முக்காடு. அதில் ஒரு மூலையை வெட்டி, ரப்பர் பேண்டால் இறுக்கிக் கட்டினாள்.

சத்தம் பதியக்கூடாதென்று மின்விசிறியை அணைத்து, ஜன்னலைச் சாத்தியிருந்தார்கள்.

“நான் ஊர்லேர்ந்து திரும்பி வந்திருக்கேன்னு நெனச்சு, லென்ஸப் பாத்து சிரிங்க.”

“ஒன்னப் பாத்து சிரிக்க நடிப்பு வேற வேணுமாக்கும்” என்று கேலி செய்த சூசை, லென்ஸைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினான். பிறகு சிரித்தான். கல்யாணமான ஐந்து வருடத்தில் ஒருமுறைகூட அவளுக்குக் கிடைக்காத சிரிப்பு. திரையில் அப்படியே சினிமா.

ஜெசிந்தா தலையை நீட்டி லென்ஸை எட்டிப் பார்த்தாள். இறுக்கிக் கட்டிய வலை மெல்ல உள்ளே அமுங்கி, மெல்ல வெளியே புடைத்தது. தன் மூச்சுக்காற்றுதானோ என்று மூச்சை அடக்கிக்கொண்டாள். வலை நிற்கவில்லை.

“கட் சொல்லிராத ஜெசி” என்றான் சூசை, அவள் பக்கம் திரும்பாமலே. “இன்னும் கொஞ்ச நேரம் ஓடட்டும்.”