உப்புத்தாள்

சுவருக்கு அந்தப் பக்கம் லாரி டிரைவர் வீட்டில், சவரக் கிண்ணத்தில் பிரஷ் சுற்ற ஆரம்பித்தது.

பெண்ணைப் பற்றி விசாரிக்க வந்தவள் என் வீட்டு நாற்காலியில் டீயை ஊதிக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளையின் அம்மா. தனியாகத்தான் வந்திருந்தாள்.

இந்தத் தெருவில் யாரைப் பற்றிக் கேட்டாலும் என் வீட்டைத்தான் கைகாட்டுவார்கள். அந்தப் பெயரெல்லாம் ஒரு நாளில் எடுத்ததில்லை.

டிரைவர் மகள் படித்தவள், வேலைக்குப் போகிறவள், குனிந்த தலை நிமிராதவள், கையில் போன் இருப்பதால். எல்லாம் சொன்னேன். ஆனால் வந்தவளுக்கு ஒன்றுதான் தெரிய வேண்டியிருந்தது. பெண்ணின் அப்பா ஓடிப்போய்விட்டதாக யாரோ காதில் போட்டார்களாம். உண்மையென்றால் சம்பந்தமே வேண்டாமாம்.

யார் போட்டது என்று என்னைக் கேட்காதீர்கள்.

பொழுதுபோகப் பேசுவது வேறு, ஒரு பெண்ணின் வாழ்க்கையில் மண் அள்ளிப் போடுவது வேறு. நான் வாயே திறக்கவில்லை. மோவாயால் சுவரைக் காட்டினேன்.

சளக், சளக், சளக்.

டிரைவர் போன மழைக்கு முன்பே வீட்டை விட்டுப் போய்விட்டார். லாரி ஓட்டுகிறவர் முகத்தைத் தெரு எப்போதுதான் பார்த்தது? அதனால் சத்தம் போதும் என்று அவர் சம்சாரம் முடிவு செய்துவிட்டாள். வாரத்தில் இரண்டு காலை, அவர் விட்டுப்போன சோப்பில் நுரை அடிக்கிறாள். இரண்டு வீட்டுக்கும் ஒரே சாக்கடை. இப்போதெல்லாம் வருகிற நுரையில் ஒரு முடி கிடையாது.

ஆனால் கைப்பக்குவத்தைச் சொல்ல வேண்டும். டிரைவர் பச்சைத் தண்ணீரில் பிரஷை முக்கி இரண்டு சுற்று சுற்றுவார். பாத்திரம் கழுவிய தண்ணீர் மாதிரி வரும். கன்னத்துக்குப் போவதற்குள் செத்துவிடும். இவள் பிரஷை வெந்நீரில் ஊறப்போட்டு, உதறி, சோப்பின் மேல் நிதானமாகச் சுற்றி, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு அடிக்கிறாள். பின்சுவரில் ஒரு செங்கல் இல்லை. அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

நுரை கெட்டியாகக் கெட்டியாகச் சத்தம் தணிந்தது. நின்றது.

வந்தவள் டம்ளரைக் கீழே வைத்தாள். தலையைச் சாய்த்துக் காத்திருந்தாள்.

எதற்கென்று எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது. நுரை நின்றால் ரேசர் ஓட வேண்டும். நடுநடுவே குவளை விளிம்பில் தட்ட வேண்டும்.

தண்ணீர் ஊற்றும் சத்தம்தான் கேட்டது.

இருமிப் பார்த்தேன். டிவியைப் போட எழுந்தேன். அவள் கையமர்த்தினாள்.

"நுரைக்கு அப்புறம் உப்புத்தாள்ல ஒரு கரண்டிய இழுக்கச் சொல்லுங்க. எங்க வீட்ல நான் அப்படித்தான் செய்றேன்."

எழுந்தவள் அப்படியே உட்கார்ந்தேன். அப்படியானால் சம்பந்தம் கூடிவிடும்தானே என்று மெதுவாகக் கேட்டேன்.

அவள் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே சொன்னாள்.

"ஒரு பக்கம்னா எப்படியாவது சமாளிச்சிடலாம்க்கா. ரெண்டு பக்கமும் இல்லன்னா, கல்யாணத்துல யாரைப் பிடிச்சு அப்பான்னு நிறுத்துறது?"

சுவருக்கு அந்தப் பக்கம் டிரைவர் சம்சாரம், எந்த லோடு ஏற்றினாலும் சாயங்காலத்துக்குள் வந்துவிட வேண்டும், மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள் என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.