வெளியே போன நாற்பது ஃபங்ஷன்கள்

"என் புருஷன் உங்களுக்கு என்ன சார் துரோகம் பண்ணினார்?"

இத்தனை வருஷமும் 'தம்பி' என்று கூப்பிட்ட வாய் இன்று 'சார்' என்றது.

குழுத் தலைவன் எழுந்துபோய்க் கண்ணாடிக் கதவைச் சாத்தினான். "முதல்ல உட்காருங்க அண்ணி."

"உட்கார வரல. கேட்டுட்டுப் போக வந்தேன்."

அவள் கணவரை ஆபீசில் எல்லாரும் 'காலண்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள். புரோகிராம் எழுதுகிறவர்களுக்கான ஒரு கணினி மொழி அங்கே உருவாகிறது. தேதி, கிழமை, வயது என்று கணக்குப் போடும் நாற்பது ஃபங்ஷன்கள், அதாவது குட்டிப் புரோகிராம்கள், அதில் அவர் எழுதியவை. முதல் நாளிலிருந்து மொழிக்குள்ளேயே இருந்தவை. நேற்றுக் கூட்டத்தில் தலைவன் அத்தனையையும் வெளியே எடுக்கச் சொல்லிவிட்டான். இனி அது தனித் தொகுப்பு. வேண்டுமென்கிறவர்கள் சேர்த்துக்கொள்ளலாம்.

"நேத்து சாப்பிடாமலே படுத்துட்டார். 'கட்டின வீட்டை விட்டே வெளிய தள்ளிட்டான்'னு ஒரே புலம்பல். உங்க அம்மா ஆஸ்பத்திரியில கிடந்தப்ப உங்க வேலையையும் சேர்த்துப் பார்த்த மனுஷன் சார் அவர்!"

"மொழி ரொம்பக் கனமாயிடுச்சு அண்ணி. கொஞ்சம் லேசாக்கலாம்னு..."

"அப்போ மத்தவங்க எழுதினதெல்லாம் பஞ்சா?"

அவன் மேஜை மேலிருந்த தண்ணீரை அவள் பக்கம் நகர்த்தினான்.

"ரிட்டயர் ஆக இன்னும் ரெண்டே வருஷம். அதுவரைக்கும் அவரை நிம்மதியா விட்டிருக்கலாம். அவருக்கு இப்போ இந்த வேலை ஒண்ணுதான்..."

மீதியை விழுங்கினாள். அவருக்கு ஞாபகம் கொஞ்சம் கொஞ்சமாக அழிந்துகொண்டிருக்கிறது என்று டாக்டர் சொல்லி ஆறு மாசம் ஆகிறது. ஆபீசுக்குத் தெரிந்தால் மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பெற்ற மகளிடம்கூட அவள் மூச்சு விடவில்லை.

தலைவன் கம்ப்யூட்டர் திரையை அவள் பக்கம் திருப்பினான். "போன வாரம் அண்ணன் எழுதினது."

அவளுக்குப் புரோகிராம் தெரியாது. ஆனாலும் அந்த ஒரு வரி புரிந்தது. பிப்ரவரிக்கு முப்பது நாள் என்று போட்டிருந்தது.

அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள்.

"எப்பலேருந்து தெரியும்?"

"ஒரு வருஷமா. மத்தவங்க கண்ணுல படறதுக்குள்ள நானே திருத்திடுவேன். இப்போல்லாம் தப்பு ஜாஸ்தியாயிடுச்சு, என்னால முந்த முடியல. அவர்கிட்ட சொல்லிடாதீங்க அண்ணி. என் மேல கோபம்னா இருந்துட்டுப் போகட்டும்."

"எல்லாம் தெரிஞ்சும் எதுக்கு அவரை வெளிய..."

"மொழிக்குள்ள இருக்கறவரைக்கும் அவர் எழுதற ஒவ்வொரு வரியையும் ஆறு பேர் பார்த்து ஒத்துக்கணும். வெளிய இருந்தா, நான் ஒருத்தன் பார்த்தா போதும் அண்ணி."