பதினேழாவது கேள்வி

விளக்கை அணைத்ததும் திரையில் அந்தப் பெண், மடியில் இருந்த துணிப்பையை அணைத்துக்கொண்டு சிரித்தாள்.

முப்பத்திரண்டு வருடமாக அதே சிரிப்பு.

ஒரே நோயாளியைப் பார்த்து ஒரு நாட்டு மனநல டாக்டர் ஒரு வியாதி என்பார், அடுத்த நாட்டுக்காரர் வேறொன்று என்பார். ஆளுக்கொன்று சொன்னால் ஆராய்ச்சி எங்கே உருப்படும்? அதனால் ஒன்பது நாடுகள் கூடிப் பேசி, இந்த ஆஸ்பத்திரியில் இந்தப் படத்தை எடுத்தன. ஒரே படம், ஒரே கேள்வித்தாள். எல்லா டாக்டரும் ஒரே மாதிரி டிக் அடிக்கும்வரை விடமாட்டார்கள்.

படம் ஓட்டும் ஆபரேட்டருக்கு அது தலைகீழ்ப் பாடம். ஆனால் அவருக்கு வேண்டியது பதினேழாவது கேள்வி ஒன்றுதான்.

திரையில் டாக்டர் கேட்கிறார், வீட்டுக்கு எப்போது போவாய் என்று.

"சாயங்காலமே போயிடுவேன். தம்பி வரேன்னு சொல்லியிருக்கான்."

அவள் சொல்வது உண்மையா, நோய் கிளப்பிய நினைப்பா? இதுதான் கேள்வி. இதுவரை ஒன்பது நாட்டிலும் அத்தனை பேரும் நோய் என்றே போட்டிருக்கிறார்கள்.

தாள்களை வாங்கி அடுக்குவதும் ஆபரேட்டர்தான். ஒரே ஒருவராவது 'உண்மை' என்று போடமாட்டாரா என்று ஒவ்வொரு தடவையும் அவருக்கு மனசு அடித்துக்கொள்ளும். பைத்தியக்காரத்தனம்தான். இந்த இடத்தில் அதை வாய்விட்டுச் சொல்லவும் முடியாது.

இன்று கடைசி வரிசை இளம் டாக்டரம்மா 'உண்மை'யில் டிக் அடித்திருந்தாள்.

ஆபரேட்டர் சந்தோஷத்தில் அந்தத் தாளை எல்லாவற்றுக்கும் மேலே வைத்துவிட்டார்.

பெரிய டாக்டர் கண்ணில் அதுதான் முதலில் பட்டது. "ஊர் உலகமே ஒண்ணு சொல்லுது, நீங்க மட்டும் ஏம்மா இப்படி? மாத்திடுங்க."

அவள் முகம் சுண்டிப்போய் அழித்துத் திருத்தினாள். நூற்றுக்கு நூறு ஒத்துப்போனதென்று எல்லோரும் கை தட்டினார்கள். ஆபரேட்டரும் தட்டினார்.

ஐந்து மணிக்குப் பின்வாசல் வழியாகக் கிளம்பினார். சுற்றுவழிதான். முன்வாசலுக்குப் போனால் பெண்கள் வார்டைத் தாண்ட வேண்டும்.

கூட்டிப்போக வருவதாகப் படம் எடுத்த அன்றைக்கு அவர் நிஜமாகவே சொல்லியிருந்தார். கல்யாணம் ஆகட்டும், பிள்ளை பிறக்கட்டும் என்று தள்ளித் தள்ளியே போய்விட்டது.

இந்நேரம் அக்கா துணிப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாள்.